தலைமை அலுவலகத்துச் செய்தியை ஞாயிறு அறிவிப்பாக்குவது எப்படி

பரதராமி தாண்டினால் ஆந்திரா. எல்லையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், சித்தூர் போகிற பக்கம்தான் எங்கள் கோயில். காலை ஏழரைக்குத் தமிழ் ஆராதனை, பத்து மணிக்குத் தெலுங்கு ஆராதனை; ஒரே ஆயர், ஒரே மணி, ஒரே மைக்செட். இரண்டுக்கும் அறிவிப்பு எழுதுகிற வேலை எட்டு வருடமாக என் தலையில். முன்பெல்லாம் அறிவிப்பு என்றால் பெண்கள் ஐக்கியக் கூட்டம், விவாக அறிவிப்பு, கல்லறைத் தோட்டத்தில் முள் வெட்டுகிற நாள், அவ்வளவுதான். இப்போது சனிக்கிழமை ராத்திரி ஆனால் போன் கத்த ஆரம்பித்துவிடுகிறது. நர்ஸ் வேலைக்குப் போன ஒரு வீட்டு மகள் பெல்ஃபாஸ்டிலிருந்து ஒன்று அனுப்புகிறாள், கம்ப்யூட்டர் வேலைக்குப் போன இன்னொரு வீட்டுப் பேரன் அமெரிக்காவிலிருந்து ஒன்று, ராணுவத்தில் ஷில்லாங் பக்கம் இருந்துவிட்டு வந்த அண்ணா ஒருவர் அங்கிருந்து வந்ததாக ஒன்று. எல்லாம் ஏதோ ஒரு பிரஸ்பிட்டேரியன் சபையின் தலைமை அலுவலகம் வெளியிட்ட செய்தி. "தம்பி, நாளைக்கு இத வாசிச்சுடு, முக்கியமான விஷயம்" என்று கீழே ஒரு வரி.

வாசித்துவிடலாம்தான். அப்படி வாசித்து இரண்டு முறை நன்றாக மாட்டிக்கொண்டேன். அதற்கப்புறம் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். சபைச் செயலாளராக இருப்பவர்களுக்கும், நாலு வரி தடுக்காமல் வாசிப்பார் என்ற ஒரே காரணத்துக்காகக் கையில் மைக் திணிக்கப்பட்டவர்களுக்கும்.

நமக்கும் அந்தச் சபைகளுக்கும் என்ன சம்பந்தம், நாம்தான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆயிற்றே என்று கேட்பவர்கள் உண்டு. சம்பந்தம் இருக்கிறது. இந்தப் பக்கத்துக்கு வந்தது ஆற்காடு மிஷன். 1853இல் ஸ்கடர் குடும்பத்துச் சகோதரர்கள் தொடங்கியது, அனுப்பியது அமெரிக்காவின் ரிஃபார்ம்டு சபை. பெயரில் பிரஸ்பிட்டேரியன் என்று இருக்காது, ஆனால் உள்ளே கட்டமைப்பு அதேதான்: பேராயர் கிடையாது, ஆயர்களும், சபை மக்களிடையே இருந்து வரும் மூப்பர்களும் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுப்பார்கள். சென்னையில் ஸ்காட்லாந்துக்காரர்கள் நடத்திய சபைகளும் அந்த வழிதான். இவையெல்லாம் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையில் சேர்ந்தன. அந்த ஐக்கிய சபை ஆங்கிலிகன், மெதடிஸ்ட் சபைகளோடு கைகோத்து 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் சி.எஸ்.ஐ. ஆனது. அன்றிலிருந்து நமக்குப் பேராயர்கள் உண்டு. நம்முடைய குழப்பத்தில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது: நாம் பேராயர் இருக்கிற சபையின் காதோடு, பேராயர் இல்லாத சபையின் செய்தியைக் கேட்கிறோம்.

பேராயர் இருக்கிற சபையில் மேலே இருந்து சுற்றறிக்கை வந்தால் அது உத்தரவு, வாசித்தோமா, செய்தோமா, முடிந்தது. பிரஸ்பிட்டேரியன் சபையில் தலைமை அலுவலகம் ஆளுகிற இடம் இல்லை. அது எழுதுகிற இடம், கணக்கு வைக்கிற இடம், கூட்டத்துக்கு நாற்காலி போடுகிற இடம். முடிவு எடுப்பது பேரவை, அதாவது ஆயர்களும் மூப்பர்களும் பிரதிநிதிகளாகக் கூடுகிற ஜெனரல் அசெம்பிளி; அதுவும் பல விஷயங்களில் தனியாக எடுக்க முடியாது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்கிற எல்லாம் தானாகவே புரிந்துவிடும்.

முதலில் ஊரைப் பாருங்கள்

செய்தியில் சபையின் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், பெயர்கள் எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி ஒரே ஜாடையில் இருக்கும். அலுவலகம் எந்த ஊரில் இருக்கிறது என்று பாருங்கள். கென்டக்கி மாநிலத்து லூயிவில் என்றால் அது பிரஸ்பிட்டேரியன் சர்ச் யூ.எஸ்.ஏ., வடக்கும் தெற்குமாகப் பிரிந்திருந்த இரண்டு பெரிய சபைகள் 1983இல் ஒன்றானது. ஜார்ஜியா மாநிலத்து லாரன்ஸ்வில் என்றால் அது 1973இல் தனியாகப் போன பிரஸ்பிட்டேரியன் சர்ச் இன் அமெரிக்கா. ஆங்கிலத்தில் இரண்டு பெயரையும் பக்கத்தில் வைத்தால் ஒரு சொல்தான் வித்தியாசம். ஆனால் லூயிவில்காரர்களிடம் பெண் ஆயர்கள் உண்டு, லாரன்ஸ்வில்காரர்கள் பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுப்பதில்லை. நான் முதல் முறை மாட்டிக்கொண்டது இதில்தான். ஒன்றின் செய்தியை இன்னொன்றின் பெயரில் வாசித்துவிட்டேன், ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ஆயரம்மா கேட்டார், "என்னங்க, போன வருஷம் அந்த சபையிலிருந்து வந்து பிரசங்கம் பண்ணினது ஒரு அம்மாதானே?" என்று. பதில் சொல்ல வாய் வரவில்லை.

டொராண்டோ என்றால் கனடா பிரஸ்பிட்டேரியன் சபை. பெல்ஃபாஸ்ட் என்றால் அயர்லாந்துச் சபை. தீவு முழுவதுக்கும் அது ஒன்றே, வடக்கு தெற்கு என்று நாடு இரண்டாக இருந்தாலும். எடின்பரோவில் மட்டும் ஜாக்கிரதை. ஸ்காட்லாந்து சபையின் அலுவலகம் பல ஆண்டுகளாக அங்கே ஜார்ஜ் தெரு 121ஆம் எண் என்றே அறியப்பட்டது, ஆனால் ஃப்ரீ சர்ச் என்கிற வேறொரு சபையின் அலுவலகமும் அதே நகரத்தில்தான். அங்கே ஊரோடு தெருவையும் பாருங்கள்.

ஷில்லாங் என்றால் நம் நாட்டுச் சபை, பிரஸ்பிட்டேரியன் சர்ச் ஆஃப் இந்தியா. 1841இல் வேல்ஸிலிருந்து தாமஸ் ஜோன்ஸ் சிரபுஞ்சிக்கு வந்ததில் தொடங்கியது. இதன் செய்திகளை நாம் அதிகம் கண்டுகொள்வதில்லை, அது பெரிய தப்பு. மிசோரம் பக்கத்திலிருந்து வரும் செய்திகளில் 'புஃபாய் தாம்' என்று ஒன்று அடிக்கடி வரும். சமைக்க அரிசி அளக்கும்போது ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாக வைத்து, சேர்ந்ததைச் சபைக்குக் கொடுப்பது. நூறு வருடத்துக்கும் மேலாக அங்கே பெண்கள் செய்துவருகிறார்கள், அந்தப் பிடி அரிசிக் காசு அவர்கள் மிஷன் ஊழியத்துக்குப் பெரிய தூண். அதை நான் ஒரு ஞாயிறு வாசித்தபோது முன்வரிசை ஆயாக்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் வீட்டிலும் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு காணிக்கைப் பை தொங்கியதுண்டு, மருமகள்கள் வந்த பிறகு அது எங்கே போனதென்று தெரியவில்லை. அடுத்த வாரமே மூன்று பைகள் வந்துவிட்டன. எந்த அமெரிக்கச் செய்திக்கும் எங்கள் சபையில் இப்படி நடந்ததில்லை.

பேசுவது யார்

ஊர் தெரிந்துவிட்டதா, அடுத்து யார் பேசுகிறார் என்று பாருங்கள். மாடரேட்டரா, கிளார்க்கா, ஏதாவது ஒரு குழுவா, பேரவையே முடிவெடுத்துச் சொன்னதா.

மாடரேட்டர் என்ற சொல்லில்தான் எல்லோரும் வழுக்கி விழுகிறோம். சி.எஸ்.ஐ.யில் மாடரேட்டர் என்றால் பிரதமப் பேராயர். அதனால் ஸ்காட்லாந்து மாடரேட்டர் ஏதாவது சொன்னால் "ஸ்காட்லாந்து பிரதமப் பேராயர் கூறினார்" என்று எழுதிவிடுகிறோம், அங்கே பேராயரே இல்லாதபோது பிரதமப் பேராயர் எங்கிருந்து வருவார்? அவர் பேரவைக் கூட்டத்தின் தலைவர், ஸ்காட்லாந்தில் பதவி ஒரு வருடம்தான், அடுத்த மே மாதம் வேறொருவர் வந்துவிடுவார். ஆயராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை: 2004இல் அங்கே முதல் பெண் மாடரேட்டராக வந்த அலிசன் எலியட் ஆயர் அல்ல, ஒரு மூப்பர். லூயிவில் சபையில் பேரவை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூடுவதால் பதவியும் இரண்டு வருடம், சில தடவை இரண்டு பேர் சேர்ந்தே அந்தப் பொறுப்பை வகிப்பார்கள். மாடரேட்டர் ஊர் ஊராகப் போவார், ஆறுதல் சொல்வார், போர் நடந்தால் கடிதம் எழுதுவார். அதெல்லாம் மதிக்க வேண்டியதுதான். ஆனால் அது சபையின் சட்டம் இல்லை. நான் இப்போது "பேரவைத் தலைவர்" என்றுதான் எழுதுகிறேன்.

அப்புறம் கிளார்க். அமெரிக்காவில் ஸ்டேட்டட் கிளார்க் என்பார்கள், ஸ்காட்லாந்திலும் கனடாவிலும் பிரின்சிபல் கிளார்க். போனில் இருக்கிற மொழிபெயர்ப்பு இதை எனக்கு "கூறப்பட்ட எழுத்தர்" என்று கொடுத்தது. நம்ம ஊரில் கிளார்க் என்றால் தாலுகா ஆபீசில் ஃபைலைத் தள்ளுகிறவர். அங்கே அவர்தான் மாடரேட்டர்கள் மாறிக்கொண்டே இருக்கும்போதும் மாறாமல் இருக்கிறவர், பேரவையின் சட்டத்துக்கு விளக்கம் சொல்கிறவர், கையெழுத்து அவருடையது. "பேரவைப் பொதுச் செயலாளர்" என்று எழுதினால் ஜனங்களுக்குச் சரியான எடை தெரியும்.

குழுவின் பெயரில் வந்த செய்தி என்றால் பெரும்பாலும் அது பரிந்துரை. அதைப் பற்றி அடுத்து.

வினைச்சொல்லில் விரல் வையுங்கள்

செய்தியில் வினைச்சொல் எங்கே இருக்கிறதென்று தேடி அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு, இது எந்தப் படியில் நிற்கிறது என்று கேளுங்கள். ஒரு பிரஸ்பிட்டரி (ஒரு வட்டாரத்துச் சபைகளின் ஆயர்களும் மூப்பர்களும் கூடுகிற குழு) ஒரு யோசனையைப் பேரவைக்கு அனுப்பியிருக்கலாம். ஒரு குழு பரிந்துரைத்திருக்கலாம். பேரவை அறிக்கையைப் பெற்றுக்கொண்டிருக்கலாம். பேரவை ஒப்புக்கொண்டு, ஆனால் பிரஸ்பிட்டரிகளின் கருத்துக்குக் கீழே அனுப்பியிருக்கலாம். அதெல்லாம் முடிந்து அமலுக்கும் வந்திருக்கலாம். இந்த ஐந்தையும் வாட்ஸப்காரர்கள் ஒரே சொல்லில் "முடிவு" என்று முடித்துவிடுகிறார்கள்.

"பெற்றுக்கொண்டது" என்பதற்கும் "ஏற்றுக்கொண்டது" என்பதற்கும் தமிழில் இவ்வளவு அழகாக வித்தியாசம் இருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் விடுவது பாவம். பேரவை ஒரு அறிக்கையைப் பெற்றுக்கொண்டது என்றால் கையில் வாங்கியது, அவ்வளவே. உள்ளே எழுதியதோடு உடன்பட்டதாகப் பொருள் இல்லை.

கீழே அனுப்புவது என்றேனே, அது எப்படி என்று ஒரு உண்மையான விஷயத்தை வைத்தே சொல்கிறேன். ஸ்காட்லாந்தில் 1697ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது, தடைச் சட்டம் என்று சொல்லலாம். உபதேசம், ஆராதனை, ஒழுங்கு, ஆளுகை இவற்றில் பெரிய மாற்றம் என்றால், ஒரு பேரவை உற்சாகத்தில் கைதட்டி நிறைவேற்றிவிட முடியாது. எல்லாப் பிரஸ்பிட்டரிகளுக்கும் அனுப்பி, பெரும்பான்மை ஒப்புக்கொண்டு, அடுத்த வருடப் பேரவையில் மறுபடியும் நிறைவேற வேண்டும். ஒரே பாலினத்தாருக்குத் திருமணம் நடத்தி வைக்க விரும்புகிற ஆயர்களுக்கு அனுமதி தரலாமா என்ற கேள்வி 2021இல் பேரவைக்கு வந்தது. பேரவை அதைக் கீழே அனுப்பியது. 29 பிரஸ்பிட்டரிகள் ஆதரவு, 12 எதிர்ப்பு. பிறகு 2022 மே மாதப் பேரவையில் 274க்கு 136 என்று நிறைவேறியது. யாரையும் கட்டாயப்படுத்தாது, விரும்புகிறவர் மட்டும் செய்யலாம் என்பதும் அதிலேயே இருந்தது. 2021லேயே நமக்கு "ஸ்காட்லாந்து சபை முடிவு செய்துவிட்டது" என்று செய்தி வந்துவிட்டது, எங்கள் கமிட்டியில் இரண்டு பெரியவர்கள் ஒரு மாதம் பேசிக்கொள்ளவில்லை. நீங்கள் இதில் எந்தப் பக்கம் நின்றாலும் சரி, நடக்காத ஒன்றுக்காக ஒரு வருடம் முன்னதாகவே சண்டை போட்டது வீண்தானே?

லூயிவில் சபையிலும் இதே மாதிரிதான். அவர்களுடைய அரசியல் சட்டத்தில் திருத்தம் என்றால் பேரவை நிறைவேற்றிய பிறகு பிரஸ்பிட்டரிகளில் பெரும்பான்மை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகவே ஜூலையில் வந்த செய்தியை வைத்துக்கொண்டு ஆகஸ்டில் "சட்டம் மாறிவிட்டது" என்று சொல்லாதீர்கள்.

ஆனால் அலுவலகம் தன் நிர்வாகத்தைப் பற்றித் தானே சொல்கிற செய்தி வேறு. ஆள் குறைப்பது, இலாகாக்களை இணைப்பது, இதற்கெல்லாம் பிரஸ்பிட்டரிகளின் ஓட்டு வேண்டியதில்லை, சொன்னால் நடந்துவிடும். லூயிவில்லில் பேரவை அலுவலகத்தையும் மிஷன் நிறுவனத்தையும் ஒன்றாக்கியபோது, 2025 தொடக்கத்தில், வெளிநாடுகளுக்கு மிஷன் ஊழியர்களை அனுப்பிவைத்த பழைய ஏற்பாட்டை முடித்துக்கொள்வதாக அறிவித்தார்கள், பலருக்கு வேலை போனது. மிஷனரிகள் வந்து உண்டான ஊரில் இருந்துகொண்டு அதை வாசிக்க எனக்கு மனது கஷ்டமாகத்தான் இருந்தது. இந்த மாதிரிச் செய்தியை உடனே சொல்லலாம்.

மொழிபெயர்ப்பில் வழுக்குகிற இடங்கள்

போனை நம்பி அப்படியே வாசிக்காதீர்கள் என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை, அதனால் எனக்கு வந்த முத்துகள் சிலவற்றைச் சொல்கிறேன்.

பேரவைக்கு வருகிற பிரதிநிதிகளைக் கமிஷனர் என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். போன் "ஆணையர்கள்" என்றது, நானும் வாசித்தேன், ஆராதனை முடிந்ததும் ஒரு தாத்தா "ஏன்யா, அவ்ளோ போலீஸ் கமிஷனரு எதுக்கு ஒரே எடத்துல?" என்று கேட்டார். அவர்கள் ஆயர்களும் மூப்பர்களுமாக, ஏறக்குறைய பாதிக்குப் பாதி வருகிற பிரதிநிதிகள்.

செஷன் என்றால் "அமர்வு" இல்லை. உள்ளூர்ச் சபையின் மூப்பர் குழு அது, ஏறத்தாழ நம் பாஸ்ட்ரேட் கமிட்டி. ஓவர்ச்சர் என்பது பாட்டுக் கச்சேரியின் முன்னிசை இல்லை, கீழே இருக்கிற பிரஸ்பிட்டரி மேலே அனுப்புகிற கோரிக்கைத் தீர்மானம். ஸ்காட்லாந்துப் பேரவையின் முடிவுகளுக்கு டெலிவரன்ஸ் என்று பெயர். இதை "விடுதலை" என்று போன் மொழிபெயர்த்து, "பேரவையில் விடுதலை முன்வைக்கப்படும்" என்று ஒருவர் குழுவில் போட்டதும், பிசாசு ஓட்டுகிற கூட்டம் என்று நினைத்துக்கொண்டு "ஆமென், ஆமென்" என்று முப்பது பேர் பதில் போட்டார்கள். "தீர்மானம்" என்று எழுதினால் போதும். கூட்டத்துக்கு முன்னால் புத்தகமாக வருவதில் இருப்பது வரைவுத் தீர்மானம் மட்டுமே என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

சினாடு இன்னொரு கண்ணி. நமக்கு அது சபையின் உச்ச ஆளுகை அமைப்பு, சென்னை ராயப்பேட்டையில் இருக்கிறது. லூயிவில் சபையில் சினாடு நடுப்படி, பிரஸ்பிட்டரிக்கு மேலே, பேரவைக்குக் கீழே. ஷில்லாங் சபையிலும் மிசோரம் சினாடு, காசி ஜெயின்டியா சினாடுகள் எல்லாம் பேரவைக்குக் கீழேதான். ஸ்காட்லாந்தில் அந்தப் படியையே எடுத்துவிட்டார்கள். "சினாடு முடிவு" என்று மொட்டையாக வாசித்தால் நம் ஜனங்கள் சென்னையைத்தான் நினைப்பார்கள்.

இதற்கு மேல் நமக்குத் தெலுங்கு ஆராதனை வேறு. தமிழில் நாம் சபை என்பதை அவர்கள் சங்கம் என்பார்கள், அவர்களுக்கு சபா என்றால் கூட்டம். இது தெரியாமல் ஜெனரல் அசெம்பிளியை "மகாசபை" என்று தமிழில் எழுதி, அதையே தெலுங்குக்கும் கொடுத்துவிட்டேன். அவர்கள் பக்கம் மகாசபலு என்றால் பந்தல் போட்டு மூன்று நாள் நடக்கிற சுவிசேஷக் கூட்டம். பத்து மணி ஆராதனை முடிந்ததும் வரிசையாக வந்து "எக்கட அண்ணா, பஸ் உந்தா? போஜனம் உந்தா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். எடின்பரோவுக்கு எந்த பஸ்ஸை வைப்பேன்? அதிலிருந்து இரண்டு ஆராதனைக்கும் "ஜெனரல் அசெம்பிளி" என்றே எழுதி, தமிழில் மட்டும் "பொதுப் பேரவை" என்று ஒருமுறை சேர்த்துக்கொள்கிறேன். மூப்பரைத் தெலுங்கில் 'சங்கப் பெத்த' என்றால் போதும், உடனே புரிந்துவிடும்.

தேதியும் நேரமும் சின்ன விஷயம், ஆனால் கழுத்தை அறுக்கும். அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் எழுதுவார்கள், 06/07 என்றால் ஜூன் 7. ஸ்காட்லாந்துக்காரர்கள் நம்மைப் போல, அதே 06/07 அங்கே ஜூலை 6. எண்ணில் எழுதாமல் மாதத்தின் பெயரை எழுதிவிடுங்கள். நேரடி ஒளிபரப்பு பார்க்க விரும்புகிறவர்களுக்கு: எடின்பரோவில் மே மாதம் காலை ஒன்பதரை என்றால் நமக்கு மதியம் இரண்டு. லூயிவில்லில் கோடைகாலத்தில் காலை ஒன்பது என்றால் நமக்கு மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. ஆனால் பேரவை எப்போதும் லூயிவில்லில் கூடுவதில்லை. 2024இல் சால்ட் லேக் சிட்டியில் கூடியபோது வித்தியாசம் பதினொன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. எந்த ஊரில் கூடுகிறது என்று பார்த்துக் கணக்குப் போடுங்கள்.

பணம் என்று வந்தால்

தலைமை அலுவலகம் காணிக்கை கேட்டு வெளியிடுகிற செய்தி அவர்கள் சபை ஜனங்களுக்கானது. வெள்ளம், பூகம்பம் என்று நிவாரண நிதி சேர்ப்பார்கள், தலைக்கு இவ்வளவு என்று உறுப்பினர் எண்ணிக்கையை வைத்துப் பங்கு போடுவார்கள், அதைக் கேட்டு நம் ஆயாக்கள் முந்தானையை அவிழ்க்க வேண்டியதில்லை. செய்தியாகச் சொன்னால் போதும்.

அங்கிருந்து இங்கே பணம் வருகிறது என்று வரும் செய்திதான் பயமுறுத்துவது. எங்கள் சபையிலேயே ஒருவருக்கு, பெரிய சபையொன்றின் சின்னம் போட்ட கடிதம் மின்னஞ்சலில் வந்தது, கோயில் கட்ட மானியம் ஒதுக்கியாகிவிட்டது, கோப்புக் கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்று. பன்னிரண்டாயிரம் கட்டினார். அப்புறம் வரி என்றார்கள், அதற்குள் அவர் மகன் பார்த்து நிறுத்திவிட்டான். போன பணம் போனதுதான். எந்தச் சபையின் தலைமை அலுவலகமும் முன்பணம் வாங்கிக்கொண்டு மானியம் தராது. மாடரேட்டர் பெயரில் வந்து கிஃப்ட் கார்டு வாங்கி அனுப்பச் சொன்னாலும் அதே கதைதான்.

உண்மையான உதவியாகவே இருந்தாலும், வெளிநாட்டுப் பணத்தைச் சபைக்கென்று யாருடைய சொந்தக் கணக்கிலும் வாங்கக் கூடாது. 2010ஆம் வருட வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ உள்ள அமைப்பு மட்டும்தான் வாங்கலாம், 2020 திருத்தத்துக்குப் பிறகு அது முதலில் டெல்லியில் உள்ள ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். "அண்ணா, உங்க ஜிபே நம்பர் குடுங்க, அவங்க அனுப்பிடுவாங்க" என்று எவ்வளவு பாசமாகக் கேட்டாலும் கொடுக்காதீர்கள், பேராயர் அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

எழுதுகிற விதம்

நாலு வாக்கியம். அதற்கு மேல் போனால் ஜனங்கள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். யார், என்ன, எந்தப் படியில், நமக்கு என்ன. நாலாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம், ஆனால் கேட்கிறவர்கள் காத்துக்கொண்டிருப்பதே அதற்குத்தான்.

ஸ்காட்லாந்தில் கோயில் கட்டடங்களை விற்கிறார்கள் என்ற செய்தி வந்தபோது எங்கள் ஊரில் சும்மா இல்லை. வெள்ளைக்காரன் கட்டின கோயிலை வெள்ளைக்காரன் விற்கிறானாம், அடுத்தது நம்முடையதா என்று தேநீர்க் கடை வரைக்கும் பேச்சு. ஒரு ஆயா, அவர் கல்யாணம் அந்தக் கோயிலில்தான் நடந்தது, என் கையைப் பிடித்துக்கொண்டு "மணிய மட்டும் விடச் சொல்லுடா" என்றார். அன்று நான் எழுதி வாசித்தது இது, வேண்டுமானால் மாதிரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்:

"ஸ்காட்லாந்து சபையில் ஆட்கள் குறைந்துவிட்டதால், பல ஊர்களில் இரண்டு மூன்று சபைகளை ஒன்றாக்கி, மிச்சப்படும் கோயில் கட்டடங்களை விற்று வருகிறார்கள். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதை ஒவ்வொரு வட்டாரத்திலும் அங்குள்ள பிரஸ்பிட்டரி திட்டமிடுகிறது. இது அந்த நாட்டுக் கோயில்களைப் பற்றியது மட்டுமே; நம் சொத்துகள் இங்கேயே சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கின்றன. தங்கள் கோயிலை விட்டுப் பிரிகிற அந்தச் சபையாருக்காக ஜெபித்துக்கொள்வோம்."

அந்த டிரஸ்ட் அசோசியேஷன் 1947இலேயே இந்தியக் கம்பெனிச் சட்டப்படி பதிவானது, எடின்பரோவுக்கு அதில் கையெழுத்துப் போடும் அதிகாரம் இல்லை. கேட்டவர்களுக்கு வெளியே வந்து இதையும் சொன்னேன். ஆயாவுக்கு மணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

செய்தியில் ஜெபக் குறிப்புகள் வரும், அதில் நோயாளிகளின் பெயர் இருந்தால் பெயரை விட்டுவிட்டு வாசியுங்கள். அங்கே சொன்னதை நாம் இங்கே மைக்கில் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று: செய்தியை யாராவது தள்ளிவிடுகிற வரை காத்திருக்காதீர்கள். இந்த அலுவலகங்களில் பல மின்னஞ்சலில் இலவசமாகச் செய்தி அனுப்புகின்றன, ஒருமுறை பதிந்தால் நேராக வந்துவிடும். ஆனால் உங்கள் சொந்த முகவரியில் பதியாமல் சபைக்கென்று ஒரு முகவரி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு முன்னால் இருந்த செயலாளர் மகளோடு பெங்களூர் போய்விட்டார், பத்து வருடக் கடிதங்களும் அவர் முகவரியிலேயே போய்விட்டன, கேட்டால் பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்கிறார்.

வாசித்ததை அச்செடுத்து, மூலச் செய்தியையும் கூடவே வைத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். ஆங்கிலம் தெரிந்த காலேஜ் பிள்ளைகள் இரண்டையும் ஒப்பிட்டு என் தப்பைக் கண்டுபிடிப்பார்கள், அதில் அவர்களுக்கு ஒரு சந்தோஷம். கண்டுபிடித்தால், அடுத்த ஞாயிறு அதே மைக்கில், அதே இடத்தில், ஒரே வாக்கியத்தில் திருத்திவிடுங்கள். காரணம் சொல்லி இழுக்க வேண்டாம். நான் கடைசியாகத் திருத்தியது இப்படி: "போன வாரம் ஸ்காட்லாந்து பிரதமப் பேராயர் என்று வாசித்தேன்; அங்கே பேராயர் இல்லை, அவர் ஒரு வருடத்துக்குப் பேரவைத் தலைவர்." தமிழ் ஆராதனையில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தெலுங்கு ஆராதனையில் பின்வரிசையிலிருந்து ஒருவர், "அப்போ நம்ம கமிட்டிக்கும் ஒரு வருஷம்னு போட்டுட்டா என்னண்ணா?" என்றார். ஆயர் அடுத்த பாட்டு நம்பரைச் சொல்லிவிட்டார்.